ஒரே இரவில் பச்சோந்தியும் மரத்தவளையும்

எங்கள் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. வேலியில் கிளுவையும் உடைமரமும், நடுவில் கிணறும் தண்ணீர்த் தொட்டியும். ஐப்பசி மழை விழுந்தால் பச்சோந்தி, மரத்தவளை இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிடலாம். பார்க்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, நிறத்தை நம்பாதீர்கள். பச்சோந்தி மட்டுமல்ல, மரத்தவளையும் நிறம் மாறும். பகலில் சுவரில் ஒட்டிக் கிடக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும், ராத்திரி பழுப்பாகிவிடும்.

விரல்களைப் பாருங்கள். பச்சோந்திக்குப் பாதத்துக்கு ஐந்து விரல். முன்னங்காலில் வெளிப்பக்கம் இரண்டு, உள்பக்கம் மூன்று என்று சேர்ந்திருக்கும். பின்னங்காலில் இது அப்படியே மாறும். இடுக்கி மாதிரி குச்சியைக் கவ்வத்தான் இந்த அமைப்பு; வாலும் கூடவே சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தவளைக்கு முன்னே நான்கு, பின்னே ஐந்து. ஒவ்வொரு நுனியிலும் வட்டமான தட்டு. கவ்வாது, ஒட்டும். ஈரச் சுவர், கண்ணாடி, வாழை இலை எதிலும் ஏறிவிடும்.

தேடும் இடமும் இதிலிருந்தே தெரியும். பச்சோந்திக்கு வேலியின் மெல்லிய கிளை நுனிகளில் டார்ச்சை மெதுவாக ஓட்டுங்கள். தூங்கும்போது உடம்பு வெளிறிப்போவதால் இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். பார்த்ததும் வெளிச்சத்தை விலக்கிவிடுங்கள், பாவம், அதன் தூக்கம் கெடும். தவளைக்கு டார்ச்சைவிடக் காதுதான் உதவும். தொட்டிப் பக்கம் 'டக் டக் டக்' என்று கேட்கும்.

நாக்கை ஒப்பிட வேண்டுமானால் பச்சோந்திக்காகப் பகலில் மறுபடி வாருங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியே சுழன்று, பூச்சி கிடைத்ததும் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். அடுத்த நொடி, உடம்பளவு நீளமான நாக்கு பாயும். தவளையின் நாக்கு வாயின் முன்பக்கம் ஒட்டியிருப்பதால் மடிந்து வெளியே விழும். விழுங்கும்போது கண்ணை மூடும், கண்ணுருண்டைகள் உள்ளே இறங்கி இரையைத் தள்ளும்.

இரண்டையும் தொடாதீர்கள். தவளையின் தோல் எதையும் உறிஞ்சும், கொசு மருந்து தடவிய கை அதற்கு ஆபத்து. பச்சோந்தியைப் பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது முட்டையிட மண்ணுக்கு இறங்கிக் குழி தோண்டினால் தள்ளி நில்லுங்கள். தொட்டிச் சுவரில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தால் கழுவிவிடாதீர்கள். அதற்குள் இருப்பது தவளை முட்டை. சில நாளில் தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும், அவை தவளையாகும்வரை தொட்டியைக் காலி செய்யவும் வேண்டாம்.