உகாண்டாவுக்குக் கிளம்பும் மதுரைப் பெண்களுக்கு: நாள் தள்ளியிருந்தால் மறைக்காதீர்கள்

கம்பாலாவில் வேலை பார்க்கும் கணவனோடு போய்ச் சேரப்போகும் நம் பக்கத்துப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது விடுமுறைக்குத் திருநகரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வந்த பத்து நாளில் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். "அக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" புளி, இட்லி அரிசி, பெருங்காயம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அதெல்லாம் அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கும், விலையைப் பார்த்தால்தான் வயிறு எரியும். ஊசியைப் பற்றி ஒருத்தி கூடக் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்கவில்லை.

அலுவல் சமாசாரத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. என் பெரியம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து நின்றார், அதனால் சொல்கிறேன். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். நாங்கள் போனது சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு. ஒரே ஊசிதான். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். 2016 ஜூலையிலிருந்து அந்த அட்டை ஆயுசுக்கும் செல்லும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை போடணும் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

திரும்பி வரும்போது நம் நாடு இன்னும் கறார். அட்டை இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்கினால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. நம் வீட்டு பிளாஸ்டிக் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் வளர்ந்து டெங்குவைக் கொடுக்கிற அதே கொசு. கொசு இங்கே ஏராளம், நோய்தான் இல்லை. யாராவது ஒருவர் கொண்டுவந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி என் கதை. வைகாசியில் கல்யாணம். அவர் ஒன்றரை மாத லீவு முடிந்து கம்பாலாவுக்குப் போய்விட்டார். விசா வந்ததும் நான் போவதாக ஏற்பாடு. ட்ராவல்ஸ்காரர் ஊசிக்குத் தேதி வாங்கிக் கொடுத்த வாரத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. வீட்டிலேயே பார்த்தேன், இரண்டு கோடு. அம்மாவுக்கும் அத்தைக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். "மூணு மாசம் முடியட்டும்த்தா, அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத, கண்ணு பட்டுரும்" என்றார் அத்தை. நம் ஊரில் யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? ட்ராவல்ஸ்காரரிடம் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "படிவத்துல கர்ப்பமான்னு கேக்குற கேள்விக்கு இல்லைன்னு போட்டுருங்க மேடம், இல்லாட்டி அட்டை கிடைக்காது, டிக்கெட் காசு போயிரும்" என்றார்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி போனேன். ஊசி போடும் சிஸ்டர் படிவத்தைப் பார்த்ததோடு விடவில்லை, வாய்விட்டும் கேட்டார்: "கர்ப்பமா இருக்கீங்களா? நாள் ஏதும் தள்ளியிருக்கா?" வரிசையில் எனக்குப் பின்னால் திருமங்கலத்துக்காரர் ஒருவர் நின்றார், மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம். இல்லை என்று தலையாட்டினேன். ஊசியும் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் மதுரையில் டாக்டரம்மாவிடம் போய், ஏதோ பெருமைபோல, "ஊசியெல்லாம் போட்டாச்சு டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது உயிருள்ள வைரஸை வீரியம் குறைத்துச் செய்த ஊசி. அதனால்தான் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக வேண்டாம் என்கிறார்கள். நோய் பிடிக்கும் ஆபத்து அதிகமான இடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு பக்கமும் யோசித்து மருத்துவர் முடிவு செய்வார். தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைக் கவனித்ததில் குழந்தைக்குக் கெடுதல் என்று உறுதிப்படவில்லை, இதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதும் இல்லை என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். என் காதில் 'கலைக்க' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைகாப்புப் படங்களில்கூட என் முகம் இறுகித்தான் இருக்கிறது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள், வாயாடி.

சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊசி போடாமல், இன்ன மருத்துவக் காரணத்தால் போடவில்லை என்று எழுதித் தரக் கேட்டிருக்கலாம். மஞ்சள் அட்டையிலேயே அதற்கு இடம் இருக்கிறது, மருத்துவர் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் வேண்டும். ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த நாட்டின் இஷ்டம், தூதரகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட நல்ல வழி, பயணத்தையே தள்ளிப்போடுவது. டிக்கெட் காசு போகட்டும். கடைசியில் எனக்கு அந்தக் காசும் போனது. மலேரியா உள்ள ஊருக்கு வயிற்றுப் பிள்ளையோடு போகாதே என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு 10 மாதம் ஆன பிறகு, அவளுக்கும் ஊசி போட்டுத்தான் கிளம்பினோம். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த ஊசி என்றால் அதையும் சொல்லுங்கள். பால் வழியாகக் கைக்குழந்தைக்குப் போய் மூளைக்காய்ச்சல் வந்தது உண்டு.

இன்னும் குழந்தைக்கு முயற்சி செய்யாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மஞ்சள் காய்ச்சல், ரூபெல்லா சேர்ந்த எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகள் எல்லாம் உயிருள்ள வகை. ஒன்று, ஒரே நாளில் போடுவார்கள். இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி விடுவார்கள். கடைசி ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்கு முயற்சி செய்யுங்கள். 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் சொந்தக்காரர்கள் ஒரு மாதம் காத்திருக்கட்டும். டி.டி., ஃப்ளூ, ஹெபடைட்டிஸ் பி ஊசிகளுக்கு இந்தப் பயம் இல்லை, கர்ப்பத்திலும் போடலாம்.

அடுத்தது மலேரியா. "வைகைக் கொசுவுக்கே அசராதவங்க நாம" என்று என் கொழுந்தன் பேசுவான். நம் மாநிலத்தில் ராமேஸ்வரம், சென்னைப் பக்கம் கண்ட மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் இருப்பது ஃபால்சிபாரம், ஆளைக் கொல்லும். அதற்கு நம் உடம்பில் எந்த எதிர்ப்பும் கிடையாது. கர்ப்பிணிக்கு அந்தக் கிருமி நஞ்சுக்கொடியில் போய் ஒளிந்துகொள்ளும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனையில் சில சமயம் தெரியாது. தாய்க்கு ரத்தசோகை, கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை என்று எல்லாம் வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கே தலைப்பிரசவத்தில் அந்த ஆபத்து அதிகம். கம்பாலா சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஜிலுஜிலுவென்று இருப்பதைப் பார்த்துக் கொடைக்கானல் என்று நினைத்துவிடாதீர்கள். மலேரியா வருஷம் பூராவும் உண்டு.

மாத்திரை விஷயத்தில் மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்காதீர்கள். அவர்கள் கையை நீட்டுவது டாக்சிசைக்ளின் டப்பாவுக்கு. அது கர்ப்பத்தில் ஆகாது, குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். பிரைமாகுயினும் கூடாது. குளோரோகுயினால் கெடுதல் இல்லை, ஆனால் ஆப்பிரிக்கக் கிருமி அதற்கு மசியாது. போயே தீரவேண்டிய கர்ப்பிணிக்கு வழக்கமாகச் சொல்வது மெஃப்ளோகுயின். வாரம் ஒன்று, கிளம்பும் முன் 2 வாரமாவது தொடங்கி, திரும்பி வந்து 4 வாரம் வரை. மனச்சோர்வு, வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது.

எனக்கு இரண்டாவது பிள்ளை கம்பாலாவில். அங்கே நாலாம் மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை, கர்ப்பிணிக்கு மலேரியா வராமல் தடுக்க, எஸ்.பி. என்று மூன்று மாத்திரை கொடுத்து, விழுங்குகிறோமா என்று நர்ஸ் எதிரிலேயே நின்று பார்ப்பார். மருந்துப் பையைக் காட்டு என்றார். மதுரையில் வாங்கிப்போன ஃபோலிக் ஆசிட் இருந்தது, 5 மில்லிகிராம். நம் ஊரில் அதுதான் சாதாரணம். அந்த அளவு ஃபோலிக் ஆசிட் எஸ்.பி.யின் வேலையைக் கெடுத்துவிடுமாம். 0.4 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்களும் உங்கள் மாத்திரை அட்டையை இப்போதே திருப்பிப் பாருங்கள். எஸ்.பி.யையும் மெஃப்ளோகுயினையும் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிடவும் வேண்டாம், அங்குள்ள மருத்துவர் சொல்லட்டும்.

மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். மருந்து தோய்த்த வலையைக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகித் தூங்குங்கள். டீட் கலந்த கொசு மருந்தைக் கர்ப்பிணிகளும் தடவலாம். சாம்பிராணியும் நொச்சிப் புகையும் எனக்கும் பிடிக்கும், வீட்டு ஞாபகம் வரும், போடுங்கள். ஆனால் வலையை அவிழ்த்துவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.

நேற்று போன் செய்தவர்களில் ஒருத்தி மேலூர்ப் பெண். பேச்சு முடியும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு எட்டு நாள் தள்ளியிருக்கு, வீட்டுல யாருக்கும் சொல்லல" என்றாள். ஊசிக்கு அடுத்த வியாழக்கிழமை தேதியாம். போனை வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போ என்றேன். போனாளா என்று இன்று சாயங்காலம் கேட்க வேண்டும்.