ஜப்பானிய மரபு அளவைகளைக் கையாளும் முறை

ஜப்பான் 1885-ஆம் ஆண்டிலேயே மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. 1959 ஜனவரி 1 முதல் வணிகத்தில் மெட்ரிக் அளவைகளைக் கட்டாயமாக்கியும்விட்டது. ஆயினும் அங்கே வாடகைக்கு அறை பார்ப்பவரும், அரிசி அளந்து சோறாக்குபவரும், கிமோனோ தைக்கக் கொடுப்பவரும் இன்றும் பழைய அளவைகளைச் சந்திக்காமல் இருக்க முடியாது. நீளத்துக்குரிய ஷாக்கு, எடைக்குரிய கன் ஆகிய இரண்டின் பெயரையும் சேர்த்து இம்முறையை ஷாக்கன்ஹோ என்கிறார்கள். இதைக் கற்கத் தொடங்குவோர் பலர் நீண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்ய முயல்கிறார்கள். அது தேவையற்ற உழைப்பு. எந்தப் பொருளை அளக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும், ஏனெனில் ஒரே பெயருடைய அலகு தச்சுப் பட்டறையில் ஒரு நீளமாகவும் துணிக்கடையில் வேறொரு நீளமாகவும் இருக்கிறது.

நீளத்துக்கு ஒரே ஒரு விகிதத்தை நினைவில் வைத்தால் போதும்: 33 ஷாக்கு சரியாக 10 மீட்டர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான் வரையறுத்தது. எனவே ஒரு ஷாக்கு ஏறத்தாழ 30.3 சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு சுன், ஆறு ஷாக்கு சேர்ந்தால் ஒரு கென், அதாவது ஏறத்தாழ 1.82 மீட்டர். மரவீடுகளின் தூண் இடைவெளி இந்தக் கென்னையும் அதன் பாதியையும் ஒட்டியே அமைவதால், இன்றைய ஒட்டுப்பலகையும் 910 மில்லிமீட்டர் அகலமும் 1820 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாக விற்கப்படுகிறது. கடைக்காரர் அதைச் சபுரோக்கு, அதாவது மூன்றுக்கு ஆறு, என்றே குறிப்பிடுவார். ஷாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலின் பெயரும் அதன் நீளத்தைத்தான் சொல்கிறது: ஒரு ஷாக்கு எட்டு சுன், ஏறத்தாழ 54.5 சென்டிமீட்டர்.

தச்சர் கையில் இருக்கும் சஷிகானே என்னும் மூலைமட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அளவை முறையின் அறிவு முழுவதும் அந்த மெல்லிய உலோகத் தகட்டில் அடங்கியிருக்கிறது. அதன் முன்பக்கத்தில் வழக்கமான சுன் குறிகள் இருக்கும். பின்பக்கத்தில் அந்தக் குறிகளே 1.414 மடங்கு விரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். உருண்டையான மரத்தடி ஒன்றின் குறுக்களவைப் பின்பக்கக் குறிகளால் அளந்தால், அந்தத் தடியிலிருந்து அறுத்தெடுக்கக்கூடிய மிகப்பெரிய சதுர உத்திரத்தின் பக்க அளவு கணக்கே போடாமல் நேராகக் கிடைத்துவிடும். ஷாக்கு அளவுகோல்களுக்குச் சட்டம் தடையாக நின்றபோது கைவினைஞர்கள் பெரிதும் தவித்தார்கள். 1970-களில் பாடலாசிரியரும் வானொலிக் கலைஞருமான எய் ரொக்குசுகே அவர்களுக்காகக் குரல் எழுப்பினார். பின்னர், மீட்டரில் 33-இல் ஒரு பங்கு என்ற குறிப்போடு அத்தகைய அளவுகோல்கள் கடைக்குத் திரும்பின. அந்தக் குறிப்புள்ள கோலை வாங்கினால், அதன் ஒவ்வொரு பெரிய பிரிவும் ஒரு சுன் என்று கொள்ளலாம்.

கிமோனோ தைக்கக் கொடுப்பவர் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துணிக்கு உரியது குஜிராஜாக்கு, அதாவது திமிங்கில ஷாக்கு. அது தச்சரின் ஷாக்கைப்போல் 1.25 மடங்கு, ஏறத்தாழ 37.9 சென்டிமீட்டர். தையற்காரர் கைநீளம் ஒரு ஷாக்கு மூன்று சுன் என்று எழுதினால் அது 49 சென்டிமீட்டர். தச்சரின் கோலால் அளந்தால் 39 சென்டிமீட்டர்தான் வரும், கை குட்டையாகிவிடும்.

அறையின் பரப்பைத் தத்தாமி பாயின் எண்ணிக்கையால் சொல்வார்கள். அந்த அலகுக்கு ஜோ என்று பெயர். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. கியோட்டோ வழக்கிலுள்ள பாய் 191 சென்டிமீட்டர் நீளமும் 95.5 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குரிய பாயோ 170-க்கு 85 மட்டுமே. ஆகவே ஆறு ஜோ அறை ஓரிடத்தில் ஏறத்தாழ 10.9 சதுர மீட்டராகவும் மற்றோரிடத்தில் 8.7 சதுர மீட்டராகவும் இருக்கும். வீட்டு விளம்பரங்களில் ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர் என்று விதி இருந்தாலும், சதுர மீட்டர் எண்ணையும் கேட்டு வாங்குவதே நல்லது. மனைக்கும் கட்டடத்துக்கும் ட்சுபோ வழங்குகிறது. அது ஒரு கென் பக்கமுள்ள சதுரம், ஏறத்தாழ இரண்டு பாய்களின் இடம், 3.3 சதுர மீட்டர். சதுர மீட்டரை 0.3025-ஆல் பெருக்கினால் ட்சுபோ கிடைக்கும்: 60 சதுர மீட்டர் வீடு 18.15 ட்சுபோ.

கொள்ளளவில் தொடக்கப்புள்ளி கோ, அதாவது 180 மில்லிலிட்டர். பத்து கோ ஒரு ஷோ, பத்து ஷோ ஒரு தோ, பத்து தோ ஒரு கொக்கு. ஜப்பானிய மின்சார அரிசிக் குக்கருடன் வரும் சிறு குவளை ஒரு கோ கொள்ளும். அதில் தலைதட்டி அளந்த அரிசி ஏறத்தாழ 150 கிராம். அந்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் சாதாரணக் குவளை 200 மில்லிலிட்டர் என்பதால், அதனால் அரிசியை அளந்துவிட்டு, பாத்திரத்தின் உட்புறக் கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் போதாமல் சோறு விறைத்துப்போகும். சாக்கே மதுவின் பெரிய புட்டி ஒரு ஷோவும், 720 மில்லிலிட்டர் புட்டி நான்கு கோவும் கொள்ளும்.

வரலாறு படிப்பவருக்கு இந்த வரிசையில் மிக முக்கியமானது கொக்கு. ஆயிரம் கோ அரிசியை 365 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு மூன்று கோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒருவருக்கு ஓராண்டு முழுவதற்குமான அரிசி ஒரு கொக்கு என்று கணக்கிட்டதன் பொருள் இதுதான். எடோ காலத்தில் (1603–1868) பத்தாயிரம் கொக்கோ அதற்கு மேலோ விளைச்சல் மதிப்புள்ள நிலத்தை ஆண்டவர்களே தைம்யோ எனப்பட்டார்கள். மயேதா குலத்தின் காகா நாடு பத்து லட்சம் கொக்கைத் தாண்டியது. நிலவுடைமை, படை, மரியாதை ஆகிய மூன்றையும் அரிசியால் எடைபோட்ட சமூகம் அது என்பதை மனத்தில் வைத்தால் பழைய ஆவணங்கள் தெளிவாகும். ஷோவும் இதே அளவு உயிர்ப்புள்ளது: முதல் பிறந்தநாளில் குழந்தையின் முதுகில் ஒரு ஷோ அரிசியால் செய்த மோச்சி என்னும் பசையரிசிப் பலகாரத்தைக் கட்டி நடக்கவிடுகிறார்கள், ஏனெனில் ஒரு ஷோ என்பதைக் குறிக்கும் இஷ்ஷோ என்னும் ஒலியே வாழ்நாள் முழுவதையும் குறிக்கிறது. சொல்லும் அளவும் இவ்வளவு அழகாக ஒன்றிய வழக்கம் அரிது என்பேன்.

எடைக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. ஒரு மொம்மே 3.75 கிராம், ஆயிரம் மொம்மே ஒரு கன். ஐந்து யென் நாணயத்தின் எடை சரியாக ஒரு மொம்மே என்பதால் அதைக் கையில் வைத்தே அளவை உணரலாம். முத்து வணிகத்தில் மட்டும் மொம்மே இன்றும் சட்டப்படி செல்லும். கின் என்னும் அலகு மரபுப்படி 600 கிராம். ஆனால் ரொட்டிக் கடையில் ஒரு கின் என்று எழுதியிருந்தால் 340 கிராமுக்குக் குறையாத ரொட்டி என்று மட்டுமே கொள்ள வேண்டும்.