சாப்பிடும் நேரத்தைச் சுருக்கினால் எடை குறையுமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

நாள் முழுவதற்குமான சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, மீதிப் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் எடை இறங்கும் என்கிறார்கள். 16:8 என்ற பெயரில் பரவியிருக்கும் முறை இதுதான். எடை இறங்குமா என்றால், பலருக்கு இறங்குகிறது. ஆனால் இறக்குவது கடிகாரம் அல்ல, குறைந்துபோன சாப்பாடு. நேரத்தைச் சுருக்குவது குறைவாகச் சாப்பிடுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். சிலருக்கு மிக எளிய வழி, சிலருக்கு ஒத்தே வராத வழி. "அந்த எட்டு மணி நேரத்துக்குள் எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற வாக்குறுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பி மூன்று மாதம் பசியோடு போராடிவிட்டு, எடை அசையவில்லையே என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் ஏராளம்.

யார் தொடங்கக் கூடாது

நீரிழிவுக்காக இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து அதே அளவில் உள்ளே போய், உணவு மட்டும் தாமதமானால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள் ஆகியோருக்கும் இது வேண்டாம். பட்டினி கிடப்பதும் பிறகு கட்டுப்பாடின்றி உண்பதுமாக ஒரு காலத்தில் அவதிப்பட்டவர்களுக்கு, மணி பார்த்து உண்ணும் திட்டம் பழைய புண்ணைக் கிளறிவிடக்கூடும். அவர்கள் தயவுசெய்து வேறு வழி தேடுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

நேரத்தைச் சுருக்கினாலே எடை இறங்கும் என்ற நம்பிக்கை எலிகளிடம் தொடங்கியது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கூட்ட எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த ஒரே தீனி தரப்பட்டது. நினைத்த நேரமெல்லாம் கொறித்தவை பருத்தன. எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்றவை, ஏறத்தாழ அதே அளவு தின்றும் மெலிவாகவே இருந்தன. உலகம் முழுவதும் இந்த முறை பேசப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் எலிக்குச் சின்ன உடல், வேகமான வளர்சிதை மாற்றம். பதினாறு மணி நேரப் பட்டினி எலிக்கு மிகப் பெரிய பட்டினி, நமக்கு அப்படியல்ல.

மனிதர்களிடம் இதை நேராகச் சோதித்த ஆய்வு 2024இல் வந்தது. 41 பேர். எல்லோருக்கும் உணவை ஆய்வுக் குழுவே தயாரித்துக் கொடுத்தது. ஒரு பிரிவினர் 10 மணி நேரத்துக்குள், பகலின் முற்பகுதியிலேயே பெரும்பங்கை உண்டார்கள். மறு பிரிவினர் வழக்கமான நேரங்களில் உண்டார்கள். கலோரி அளவு ஒன்றே. 12 வாரம் கழித்து முதல் பிரிவில் 2.3 கிலோ, இரண்டாம் பிரிவில் 2.6 கிலோ குறைந்திருந்தது. அளவு சமமாக இருந்தபோது நேரம் எதையும் கூட்டித் தரவில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தார்கள்; ஒரு பிரிவினர் கூடுதலாகக் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டார்கள். நேரத்தையும் சுருக்கியவர்களுக்கு 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல்படி அது வேறுபாடாகக் கொள்ளத்தக்கதாக இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: அதே ஆண்டு அமெரிக்காவில் 90 பேரிடம் நடந்த 14 வார ஆய்வில், காலை 7 முதல் பிற்பகல் 3 வரை உண்டவர்களுக்கு 6.3 கிலோவும் மற்றவர்களுக்கு 4 கிலோவும் இறங்கின. ஆகவே அதிகாலையை ஒட்டிய உணவு நேரத்துக்குச் சிறு கூடுதல் பயன் இருக்கலாம் என்ற கதவை நான் சாத்திவிடவில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது 2023இல் சிகாகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. ஒரு பிரிவினரிடம் நண்பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடுங்கள், எதையும் எண்ண வேண்டாம் என்றார்கள். இன்னொரு பிரிவினர் தினமும் கலோரியை எண்ணி நான்கில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். ஓராண்டின் முடிவில் எதுவும் செய்யாதவர்களை விட முதல் பிரிவினர் 4.6 கிலோவும், எண்ணியவர்கள் 5.4 கிலோவும் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். இரண்டுக்கும் கணக்கில் கொள்ளும் அளவு வேறுபாடு இல்லை. எண்ணாமலே அந்த முதல் பிரிவினர் நாளொன்றுக்குச் சுமார் 400 கலோரி குறைவாக உண்டிருந்தார்கள். தட்டில் இருப்பதையெல்லாம் எடைபோட்டு எழுதும் பொறுமை இல்லாத நமக்கு இந்த முறை தரும் உண்மையான உதவி இதுதான்.

படி 1: ஏழு நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

பட்டினியில் தொடங்காதீர்கள். ஒரு சிறிய நோட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் தவிர வாயில் போகும் அனைத்தையும் நேரத்தோடு குறியுங்கள். என் நோட்டின் ஒரு நாள் இப்படி இருந்தது:

காலை 6.10 – பால், சர்க்கரை சேர்த்த தேநீர்
8.30 – காலை உணவு
11.00 – தேநீர், இரண்டு பிஸ்கட்
1.40 – மதிய உணவு
5.15 – தேநீர்
8.50 – இரவு உணவு
10.35 – நின்றபடியே ஒரு கைப்பிடி நிலக்கடலை

மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன் என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையே பதினாறு மணி 25 நிமிடம். அந்தக் கைப்பிடி நிலக்கடலை சுமார் 30 கிராம்; அதில் மட்டும் 170 கலோரி. பசித்து எடுத்ததல்ல, சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது கை தானாக டப்பாவுக்குள் போயிற்று. பாண்டாவின் குழு 2015இல் செல்பேசிச் செயலி வழியாக மக்கள் உண்பதைப் பதிவு செய்தபோதும், பாதிப் பேருக்கு உண்ணும் நேரம் ஏறத்தாழ 15 மணி நேரத்தைத் தொட்டது.

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நேரத்தைச் சுருக்குவது உங்களுக்குப் பலன் தர வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே 10, 11 மணி நேரத்துக்குள்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால், சுருக்குவதற்கு அதிகம் இல்லை. தட்டின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: முதலில் இரவுப் பக்கத்தை வெட்டுங்கள்

பெரும்பாலோர் காலை உணவைக் கைவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நான் இரவிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரவு நெருங்க நெருங்க உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. ஒரே உணவு காலையில் ஏற்றுவதை விட இரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். இரவு உணவுக்குப் பிந்தைய கொறிப்பில் சத்தான எதுவும் பொதுவாக இருப்பதுமில்லை.

முதல் வாரம் இரவு உணவுக்குப் பிறகு எதுவும் இல்லை என்பது மட்டுமே விதி. இரண்டாம் வாரம் இரவு உணவை அரை மணி நேரம் முன்னே இழுங்கள். மூன்றாம் வாரம் காலையின் முதல் தேநீரை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுங்கள். இப்படிப் படிப்படியாக 12 மணி நேரத்துக்கு வந்து அங்கே பத்து நாள் நில்லுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் 10க்கு வாருங்கள். 8 மணி நேரம் கட்டாயமில்லை. 2015 ஆய்வில் எட்டுப் பேர் 10, 11 மணி நேரத்துக்குள் உண்டு, 16 வாரத்தில் சராசரியாக 3 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். எட்டே பேர் என்பதால் அதைப் பெரிய சான்றாகச் சொல்லவில்லை. கடுமையாக இறங்காமலும் பலன் கிடைக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 3: பசி வரும் நேரத்தை அறிந்துகொள்ளுங்கள்

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி உயர்கிறது. ஆகவே பழைய தேநீர் நேரத்தில் முதல் சில நாள் பசி கிள்ளும். பொறுத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் தணியும். ஓரிரு வாரத்தில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். தண்ணீர், சர்க்கரையும் பாலும் சேர்க்காத தேநீர் அல்லது காபி குடிக்கலாம். பழச்சாறும் தேனும் உணவுதான், அவற்றுக்கு விலக்கு இல்லை.

தலைசுற்றல், கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் மணி பார்க்க வேண்டாம், உடனே சாப்பிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

படி 4: தசையைக் காப்பாற்றுங்கள்

இதைச் சொல்லாமல் விடுபவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம் நடந்த ஆய்வில், நண்பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் உண்டவர்கள் 12 வாரத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இழந்தார்கள். மூன்று வேளை உண்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களில் நேரில் வரவழைத்து அளக்கப்பட்டவர்களிடம், இழந்த எடையின் பெரும்பகுதி கொழுப்பாக இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

ஒரு வேளையைத் தவிர்க்கும்போது அந்த வேளையின் புரதமும் போய்விடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று கணக்கிட்டு, எஞ்சிய வேளைகளில் பிரித்து உண்ணுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 முதல் 84 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாரம் இருமுறையாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

படி 5: எடையைச் சரியாகப் பாருங்கள்

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பின், எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். தினமும் குறித்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு கிலோ இறங்கினால் அதைக் கொழுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது நீரும் வெளியேறுகிறது. நன்றாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறுவதற்கும் இதுவே காரணம், பதற வேண்டாம். இடுப்புச் சுற்றளவை இரு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள்.

விருந்து, பயணம், இரவுப் பணி என்று ஒரு நாள் தவறினால் மறுநாள் ஈடுகட்டுவதாக இன்னும் நீண்ட பட்டினி கிடக்காதீர்கள். வழக்கமான நேரத்துக்குத் திரும்பினால் போதும்.

படி 6: பன்னிரண்டாம் வாரம் முடிவெடுங்கள்

வாரச் சராசரி மெல்ல இறங்கி, உறக்கமும் மனநிலையும் கெடாமல் இருந்தால் தொடருங்கள். எடை அசையவில்லை என்றால் மறுபடி ஏழு நாள் நோட்டு எழுதுங்கள், இம்முறை அளவையும் சேர்த்து. பெரும்பாலும் உணவு நேரம் திறந்ததும் தட்டு பெரிதாகியிருக்கும். அளவு கூடாமலும் எடை இறங்காவிட்டால் உண்ணும் நேரத்தை 6 மணி நேரமாகச் சுருக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். 4 மணி நேரத்தையும் 6 மணி நேரத்தையும் ஒப்பிட்ட 2020 ஆய்வில் இரண்டு பிரிவிலும் எடை ஒரே அளவில்தான், சுமார் 3 விழுக்காடு, குறைந்தது. கூடுதல் கடுமை கூடுதல் பலன் தரவில்லை.

நாள் முழுதும் அடுத்த வேளையையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், வீட்டாரிடம் எரிந்து விழுகிறீர்கள் என்றால் இது உங்களுக்கான முறை இல்லை. கூச்சமின்றி விட்டுவிட்டு, மூன்று வேளையும் உண்டு, ஒவ்வொரு வேளையிலும் சிறிது குறையுங்கள். ஓராண்டில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதை மேலே பார்த்தோம். அப்படி விடுபவர்களும் இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேர இடைவெளி மட்டும் விட்டுக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு எடை குறையாவிட்டாலும் அது நிம்மதியான உறக்கம் தரும்.