பாம்பே சாண்ட்விச் சாலட்: உப்புக்கு என்ன அவசரம்?

காரைக்குடியில் வீட்டு விசேஷங்களுக்கு இடைப்பலகாரம் செய்து கொடுக்கிறேன். போன வாரம் உதவிக்கு வந்த இரண்டு பிள்ளைகள், நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை என் கண்முன்னே அடிக்கப் போனார்கள். உப்பு டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பண்டம் எளிது. மும்பைத் தெருக்கடை சாண்ட்விச்சில் வெண்ணெய் தடவிய ரொட்டி, கொத்தமல்லி புதினாச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், வெந்த உருளை, பீட்ரூட், மேலே சாட் மசாலா இருக்கும். அதையே துண்டு போட்டுக் கலந்தால் சாலட். கிழங்கு வெந்திருந்தால் கால் மணி நேர வேலை. காயைக் கழுவுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை.

முன்கூட்டியே உப்புப் போடுவது

ஓர் அறுபதாம் கல்யாணம், ஐம்பது பேர், மாலை ஐந்து மணிக்குப் பலகாரம். மூன்று மணிக்கே காயை அரிந்து, சட்னியும் உப்பும் போட்டு, ரொட்டியையும் சேர்த்துப் பிரட்டி, பெரிய மங்குச் சட்டியில் மூடி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். திறந்தால் அடியில் இரண்டு விரற்கடை பச்சைத் தண்ணீர். ரொட்டி கஞ்சி. அந்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏத்தா, இதை டம்ளர்ல ஊத்தியா குடுக்கப் போற?" என்றார்கள். அவசரமாக பஜ்ஜி போட்டு ஒப்பேற்றினேன். கடலை மாவும் எண்ணெயும் என் கைக்காசு.

வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர், தக்காளியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அரிந்த காயில் உப்புப் பட்டதும் அந்த நீரை வெளியே இழுத்துவிடும். சாண்ட்விச்சில் ஓரம் வரை தடவிய வெண்ணெய் ஈரத்தை ரொட்டிக்குள் சட்டென்று விடாது, செய்த கையோடு தின்றும் விடுகிறோம். சாலட்டில் அந்தத் தடுப்பு கிடையாது. "உப்பு ஊறினால்தானே ருசி?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊறுகாய்க்குச் சரி, இதற்கு இல்லை.

தக்காளியின் விதைச் சதையை வழித்துவிடுங்கள், ரசத்துக்கு ஆகும். நேற்றைய ரொட்டியைத் துண்டு போட்டு, எல்லாப் பக்கமும் வெண்ணெய் படச் சிறுதீயில் மொறுமொறுவென்று வாட்டித் தனியே வையுங்கள். சட்னியைக் கெட்டியாக அரையுங்கள். பரிமாறும்போது சட்னி, உப்பு, ரொட்டி என்ற வரிசையில் கலக்குங்கள். முன்னாலேயே செய்தாக வேண்டும் என்றால் வெள்ளரியில் மட்டும் உப்புப் பிசறி, கால் மணி கழித்துப் பிழிந்துவிடுங்கள், அப்புறம் அதற்குத் தனி உப்பு வேண்டாம்.

சாட் மசாலாவும் உப்புதான்

"உப்பே போடலக்கா" என்று சத்தியம் செய்த பிள்ளை சாட் மசாலாவை அள்ளித் தூவியிருந்தாள். அதில் கறுப்பு உப்பு இருக்கிறது. சட்னியிலும் உப்பு, கடை வெண்ணெயிலும் பெரும்பாலும் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சூட்டோடு உருளை அரிவது

மசிந்துவிடும், மசாலா தோசைக்குத்தான் ஆகும்.

பீட்ரூட்

கடைசியில், மேலாக. கிளறினால் மொத்தமும் சிவப்பு.

ஓமப்பொடி

தட்டில் வைத்த பிறகு. காராச்சேவு வேண்டாம், பெரியவர்கள் பல்லுக்கு ஆகாது.