கோலாலம்பூர் மலைகளுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோம்பாக்கிலும் வங்சா மாஜுவிலும் குடியிருப்பவர்கள் சன்னலைத் திறந்தாலே மலை தெரியும். தித்திவங்சா மலைத்தொடர் அவ்வளவு பக்கம். நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இந்த அருகாமைதான். அரை மணி நேரப் பயணம்தானே என்று, பூங்காவுக்குப் போவதுபோல் கிளம்பிவிடுகிறோம்.

உயரத்தை மட்டும் பார்த்து மலையை எடைபோடுவது அதில் ஒன்று. செமினி பக்கத்துப் புரோகா குன்று சுமார் 400 மீட்டர்தான். விடியலைப் பார்க்க அங்கே ஏறிப் பழகியவர்கள், அந்தத் தெம்பில் அடுத்த வாரமே நுவாங் மலைக்குப் புறப்படுகிறார்கள். நுவாங் 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. உலு லங்காட் பங்சூன் வழியாக ஏறி இறங்க ஒரு முழுப் பகல் போய்விடும். தாபூர் குன்று இதற்கு நேர்மாறு. உயரம் குறைவுதான், ஆனால் கிள்ளான் கேட்ஸ் அணையை ஒட்டி நீளும் அந்தக் குவார்ட்ஸ் பாறை முகடு பல இடங்களில் மிகக் குறுகலானது. அங்கே தவறி விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. படம் எடுக்கப் பாறை விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

தாமதமாகக் கிளம்புவது இன்னொன்று. சூரியன் மறையப் பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் அடர்ந்த காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். உச்சியைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை, இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று அடிவாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பகல் பயணம் என்றாலும் ஆளுக்கொரு டார்ச் லைட் இருக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஆறும் அருவியும்தான். சுங்கை சோங்காக், சுங்கை காபாய், காஞ்சிங் அருவி என்று விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். ஆற்றின் நடுப்பாறையில் பாயை விரித்துச் சோற்றுப் பாத்திரங்களை வைக்கிறோம், பிள்ளைகள் கீழே குளிக்கிறார்கள். தலைக்கு மேல் வெயில் அடிப்பதால் பயமில்லை என்று நினைக்கிறோம். மழை மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலைச்சரிவில் பெய்துகொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் திரண்டு சில நிமிடங்களில் இறங்கிவிடும். இதைத்தான் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்தக் கணமே வெளியேறுங்கள். பாத்திரம், பை, செருப்பு எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். எதிர்க்கரையில் கார் நின்றாலும் ஆற்றைக் கடக்காதீர்கள். இருக்கும் கரையிலேயே மேட்டில் ஏறுங்கள். ஒரு பெரியவர் குளிக்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு கரையில் நிற்பது நல்லது. ஆற்றில் குளித்து வந்து சில நாளில் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம்.

கூடாரம் போடுகிறவர்கள் பத்தாங் காலியை மறக்கக் கூடாது. 2022 டிசம்பரில் நள்ளிரவுக்குப் பின் மண் சரிந்து, முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். சரிவின் அடியில் கூடாரம் வேண்டாம். தொடர்ந்து மழை பெய்த வாரமென்றால், அன்று வானம் வெளுத்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முகாமுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் அவை அடுத்து வருபவரின் பையைப் பிடுங்குகின்றன.

பெர்மிட்டை வெறும் காகித வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். சிலாங்கூரில் நிரந்தர வனப் பகுதிகளில் மலையேற வனத்துறையின் அனுமதி வேண்டும். பாதை அன்று திறந்திருக்கிறதா என்பதும் விண்ணப்பிக்கும்போதே தெரிந்துவிடும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பதிவு இருந்தால்தான் தேடுவதும் எளிது. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டு ஏறுங்கள். சொன்ன நேரம் கடந்தும் பேச்சில்லை என்றால் அவர் 999-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.