ஈஈஜியில் கோடு கோணினால் வலிப்பு என்று அர்த்தமில்லை

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வெறும் வயிற்றோடு நின்ற பிள்ளை, முகம் வெளுத்துச் சரிந்து விழுகிறாள். கை இரண்டு தரம் வெட்டுகிறது. யாரோ ஓடிவந்து சாவியைக் கையில் திணிக்கிறார். அப்புறம் பஸ் ஏறி கண்டிக்குப் போய் மூளைச் சோதனையான ஈஈஜி எடுத்தால், ரிப்போர்ட்டில் 'அசாதாரணம்' என்று ஒரு வார்த்தை. அன்றிலிருந்து தோட்டத்து லய வீடுகளில் அவள் காக்காய் வலிப்புக்காரி. கல்யாணப் பேச்சும் நின்றுபோகும்.

பெரிய தவறு இதுதான். மயக்கத்திலும் கை கால் வெட்டும். ஈஈஜியோ, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற கோடுகள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த ஆரோக்கியமான 13,658 பேரைச் சோதித்து 1993இல் வெளியான ஆய்வில், 69 பேருக்கு வலிப்புக்காரருக்கு வருவது போன்ற அலைகளே இருந்தன. அவர்களில் பின்னாளில் வலிப்பு வந்ததாகத் தெரிந்தது ஒருவருக்குத்தான். பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட அலைகள் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கண் சொக்கும்போது வரும் சில கூரான அலைகள் கெடுதல் இல்லாதவை. பழகாத கண் அதையும் வலிப்பு என்று வாசித்துவிடும். க்ளோசபின் போன்ற மனநோய் மருந்துகளும் கோட்டை மாற்றும். குடிக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மருந்துத் துண்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், வயர் சரியாக ஒட்டாது.

தலைகீழ்த் தவறும் உண்டு. ரிப்போர்ட் நோர்மல் என்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். உண்மையான வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈஈஜி சுத்தமாகத்தான் வரும். அதனால் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை குடிக்கிற பெண்பிள்ளை என்றால், அது கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் நோய் உறுதிதானா என்று கேட்பது அவள் உரிமை. வைத்தியர் கோபிப்பாரோ என்று பயந்து பேசாமல் வந்துவிடுகிறோம்.

எனக்குக் கேட்டால், இன்னொரு ஈஈஜிக்குச் செலவழிக்கும் முன், விழுந்ததைப் பார்த்த ஆளுக்கு பஸ் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். மயக்கமா வலிப்பா என்று பிரித்தறிய, கிளினிக்கில் அவரிடம்தான் கேள்வி வரும்: முகம் வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா? எத்தனை நேரம் வெட்டியது? நாக்கின் ஓரம் கடிபட்டதா? எழுந்ததும் ஆளை அடையாளம் தெரிந்ததா, இல்லை வெகுநேரம் திருதிருவென்று முழித்தாளா?