முன்னோரைத் தேடுவோர் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவோர் முதலில் நாடுவது இணையத்தைத்தான். அங்கே கிடைக்கும் வழிகாட்டிகள் குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லும். பிரிட்டனில் நூறாண்டு கடந்த கணக்கெடுப்புத் தாள்களும், அமெரிக்காவில் 72 ஆண்டு கடந்தவையும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடுவதால் அந்த அறிவுரை அவர்களுக்குப் பொருந்தும். இந்தியாவிலோ தனிமனிதர் விவரங்கள் அடங்கிய கணக்கெடுப்புத் தாள்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இரகசியமாக வைத்திருக்கிறது. நமக்குக் கிடைப்பவை மாவட்டம், வட்டம் என்ற கணக்கில் அமைந்த கூட்டுத்தொகைகள் மட்டுமே. குடும்பப் பெயரும் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும் ஓரிடத்தில், வேறு நாட்டாருக்கென்று வகுத்த முறையை அப்படியே எடுத்துக்கொள்வதே முதல் தவறு. அதில் நாள்களைச் செலவிட்டுவிட்டு, நம்மிடம் ஆவணமே இல்லை என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். ஆவணங்கள் இருக்கின்றன; அவை வேறு இடங்களில், வேறு தேவைகளுக்காக எழுதப்பட்டுக் கிடக்கின்றன.

வீட்டில் இருக்கும் முதியவர்களைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இரண்டாவது தவறு. இதைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். கேட்பவர்களும் பெரும்பாலும் ‘உங்கள் தாத்தா பெயர் என்ன’ என்று நேரடியாகக் கேட்டு, வந்த விடையை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். தாத்தாவின் உடன்பிறந்தாரும் தாத்தாதான். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன் தம்பிதான். ‘எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தார்’ என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் தந்தையைப் பெற்ற தாத்தாவா, சின்னத் தாத்தாவா, தாயைப் பெற்றவரா என்பதைத் தனியே கேட்டு உறுதி செய்யாமல் குடும்ப மரத்தில் ஏற்றக் கூடாது. பெயர் நினைவில் இல்லாதவர்களிடம்கூட வழக்கத்தைக் கேட்டால் நல்ல விடை வரும். யார் இறந்தால் உங்கள் வீட்டுக்குத் தீட்டு, முதல் மொட்டை எந்தக் கோயிலில், காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால், யார் பங்காளி, யார் மாமன் மச்சான், எந்தக் கிளை எந்த ஊரிலிருந்து பிரிந்தது என்பது தானே வெளிப்படும்.

அதே வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டுகளைப் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டைப் பிரித்துப் பாருங்கள்: ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்ற வரிசையில், அன்றைக்கு அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த அத்தனை ஊர்களும் அதில் இருக்கும். தொடர்பே விட்டுப்போன ஒரு கிளையின் ஊரைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய சான்று இல்லை. ஈழத்தில் இறந்தவரின் 31ஆம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூலும் இத்தகையதே. பெற்றோர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என அனைவரும் அதில் பெயரோடு வருவார்கள். நகரத்தார் திருமணங்கள் அவரவர்க்குரிய நகரக் கோயிலின் புள்ளிக் கணக்கு என்னும் குடும்பப் பதிவில் இடம்பெறும். திவசம் கொடுக்கும் குடும்பங்களில் தந்தை, தந்தையின் தந்தை, அவருடைய தந்தை என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் சடங்கிலேயே சொல்லப்படுவதால், தாளில் எழுதிவைக்காதவர்களுக்கும் அவை நினைவில் இருக்கும். ஆனால் அங்கே மாதமும் திதியும் காப்பாற்றப்பட்டிருக்கும், ஆண்டு தொலைந்துபோயிருக்கும்.

பெயர்கள் தரும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் முத்துசாமி, ராமசாமி, மீண்டும் முத்துசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாறி மாறி வரும். 1890இல் ஒரு நிலத்தை வாங்கிய ரா. முத்துசாமியும், 1940இல் அதை விற்ற ரா. முத்துசாமியும் ஒருவரே என்று கொண்டால் இடையில் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். உடன்பிறந்தார் இருவருமே தத்தம் தலைமகனுக்கு அப்பன் பெயரை வைத்திருப்பார்கள் என்பதால், ஒரே காலத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும் உண்டு. பெரிய முத்து, சின்ன முத்து, கருத்த முத்து என்று ஊரார் வைத்த அடைமொழிகளை நாகரிகம் கருதி விட்டுவிடுபவர்கள், இவர்களைப் பிரித்தறிய உதவும் ஒரே குறிப்பை இழந்துவிடுகிறார்கள். சுவீகாரம் போன பிள்ளையின் முதலெழுத்து மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதிகமான பிழைகள் நேர்வது ஆண்டுக் கணக்கில்தான். பழைய ஜாதகங்களிலும் ஓலைகளிலும் அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டுப் பெயர் மட்டுமே இருக்கும். தாது வருஷம் என்றால் 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். ‘தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தோம்’ என்று ஒரு குடும்பம் சொன்னால் அது முன்னதைக் குறிக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். வெறும் ஜாதகத்தில் அந்த வசதி இல்லை. ஜாதகத்தில் உள்ள சனியையும் குருவையும் வைத்து ஆண்டை முடிவு செய்யலாம் என்று சிலர் முயல்வார்கள். சனிக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள், குருவுக்கு 12 ஆண்டுகள் என்பதால் அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டுமே ஏறக்குறைய பழைய ராசிக்கே வந்துவிடும். ஆகவே அவற்றால் பயனில்லை. ராகு கேதுக்களின் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் என்பதால் அவை அறுபது ஆண்டில் பழைய இடத்துக்கு வருவதில்லை. இரண்டு மூன்று ராசி தள்ளியே நிற்கும். அவற்றைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்பது விளங்கிவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் ஜாதகம் இந்த வகையில் ஒரு நல்ல ஆவணம்.

வருவாய்த்துறைக் கணக்குகளில் வருவது பசலி ஆண்டு. அதனோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1318 என்பது 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கத்து ஆவணங்களிலும், 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூரைச் (பின்னர் திருவாங்கூர்-கொச்சியைச்) சேர்ந்திருந்த கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகளிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது ஆவணியில் தொடங்குவதால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வெறும் ‘1101’ என்று கண்டு ஆங்கில ஆண்டில் ஓரெழுத்து பிழையாக விழுந்திருக்கிறது என்று தாமாகவே 1901 எனத் திருத்திக்கொள்பவர்கள், 1925-26இல் எழுதப்பட்ட தாளைக் கால் நூற்றாண்டு முன்னே தள்ளிவிடுகிறார்கள்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை வேதவாக்காகக் கொள்வதும் இவ்வகைத் தவறுதான். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியது என்று கணக்கிட்டு வாத்தியார் எழுதிய தேதி அது. ஒரே வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிராம முன்சீப்பின் பிறப்பு இறப்புப் பதிவேடு கிடைத்தால் அது கூடுதல் நம்பகமானது. ஆனால் அங்கே குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்திருக்கும் என்பதால் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பெயரைத் தேடினால் கிடைக்காது. தந்தை பெயரைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு என் கணிப்பில் மிகச் சிறந்த சான்று பத்திரம்தான். ஆனால் அதைப் படிக்கும் முறையில் பலர் தவறுகிறார்கள். கிரய விவரத்தையும் சர்வே எண்ணையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் பத்தியில் ‘இன்ன ஜில்லா இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர் இன்னார், மேற்படியாரின் மைனர் குமாரர்களுக்கு கார்டியனும் தகப்பனாருமான இன்னார்’ என்று வரும் நீண்ட வாக்கியத்தில்தான் மூன்று தலைமுறை அடங்கியிருக்கும். ‘காலஞ்சென்ற’ என்ற ஒரு சொல்லால் பாட்டன் எந்த ஆண்டுக்கு முன் இறந்தார் என்பது தெரியும். மைனர் என்பதால் பிள்ளைகளின் வயதுக்கு ஓர் எல்லை கிடைக்கும். சொத்து வந்த வகையைச் சொல்லும் பத்தி தாய்ப் பத்திரத்துக்கு வழிகாட்டும். நான்கெல்லை விவரத்தில் வடக்கே இருக்கும் நிலம் யாருடையது என்று பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு பங்காளியின் நிலமாகவே இருக்கும். சாட்சிக் கையெழுத்துகளில் மாப்பிள்ளையோ மைத்துனரோ இருப்பார்கள்.

இதற்கு மாறாகப் பட்டாவை மட்டும் நம்பி உறவை முடிவு செய்யக் கூடாது. யுடிஆர் என்று எல்லோரும் அழைக்கும் 1980களின் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் மாறி ஏறியதற்கு இன்றும் வழக்குகள் நடக்கின்றன. பாகப்பிரிவினை வழக்குகளில் தாக்கல் செய்த வம்சாவளிப் பட்டியல் கிடைத்தால் புதையல் கிடைத்ததுபோல் இருக்கும். ஆனால் அது ஒரு தரப்பின் வக்கீல் தயாரித்தது. இளைய தாரத்து மக்களும், பங்கு கேட்க உரிமையற்றவர்களாக அன்று கருதப்பட்ட பெண்மக்களும் அதில் விடுபட்டிருக்கலாம். எதிர்த்தரப்பின் பட்டியலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

இனாம் எனப்பட்ட இறையிலி (வரி நீங்கிய) நிலம் வைத்திருந்த குடும்பங்கள், 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகம் இத்தகையவற்றுக்குப் போக வேண்டிய இடம்; ஆனால் ஊர், தாலுகா, ஜில்லா என்ற மூன்றையும் அந்தக் காலத்துப் பெயரோடு தெரிந்துகொண்டு போக வேண்டும். இன்றைய கள்ளக்குறிச்சிக்காரருக்கு உரிய தாள்கள் தென்னாற்காடு ஜில்லாவின் பேரில் இருக்கும். சிவகங்கைக்காரர் 1985க்கு முந்தைய எதையும் இராமநாதபுரம் என்றே தேட வேண்டும். 1910க்கும் முன்னே போனால் மதுரை என்று தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். புதூர், நல்லூர் என்ற பெயர்களில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், அருகிலுள்ள பெரிய ஊரையோ கோயிலையோ சேர்த்துக் குறித்துக்கொள்ளாதவர் வேறோர் ஊரின் வரலாற்றைத் தம்முடையதாக எழுதிவிட நேரும்.

கடல் கடந்து போனவர்களின் வழிவந்தோருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை அதில் பதிந்திருக்கும். ஆனால் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை அவை. முனிசாமி மூன்சாமியாகவும் முதலியார் மூட்லியாகவும் ஆனார்கள். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடுபவர் தம் ஆளைத் தாண்டிப் போய்விடுவார். மூட்லி, பிள்ளை போன்ற பட்டங்கள் அங்கே குடும்பப் பெயராகிவிட்டதால், அந்தப் பெயர் கொண்ட இருவர் உறவினர் என்று கொள்வதும் பிழை. மொரிசியஸ் நாட்டவர்க்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையம் குடியேற்றப் பதிவுகளைக் காத்துவருகிறது. மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இத்தகைய விரிவான பட்டியலை எதிர்பார்க்க முடியாது; கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டிக்கொண்டு போனதால், அதே தோட்டத்து லயத்தில் இருந்த பிற குடும்பங்களின் ஊரை விசாரிப்பதே அங்கே வழி. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகளைத் தேட வேண்டும். 1881 ஆணைப்படி தம் சமூகத்துக்குரிய தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டதால், அதற்கு முன்பு அந்தப் பெயரில் எவரையும் காண முடியாது.

ஆண்வழியை மட்டும் வரைந்து முடித்துவிடுவது எல்லாரும் செய்வது. பாட்டியின் பெயரையே கேட்காதவர்கள் ஏராளம். பத்திரங்களில் ‘இன்னார் பாரியாள்’ என்று பெண்களின் பெயர் வந்தாலும் அவர்களுடைய தந்தை பெயர் வராது. அதைச் சீர்வரிசைக் கணக்கிலும் தாய்மாமன் வழியிலும்தான் பிடிக்க வேண்டும். தாய்வழியே வழியாக இருந்த இடங்களும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து சகோதரி மக்களுக்குப் போகும் மருமக்கள் வழி நிலவிய காலத்துச் சொத்து ஆவணத்தில் முன்னே நிற்பவர் காரணவரான (குடும்பத் தலைவரான) மாமன். அவரைத் தகப்பன் என்று எழுதிவிட்டால் மரம் முழுவதும் கோணலாகிவிடும். கொண்டையங்கோட்டை மறவரிடையே பிள்ளைகள் தாயின் கிளை என்னும் குலப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அத்தை மகள், அக்காள் மகள் திருமணங்களால் ஒருவரே மரத்தில் இரண்டு இடங்களில் வருவார். மேல்நாட்டு மென்பொருள் இதைப் பிழை என்று காட்டும், அதை நம்பி ஒருவரை அழித்துவிடக் கூடாது.

மரபணுச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் தொலைவு உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும் என்பதால், அது காட்டும் ‘மூன்றாம் நிலை உறவினர்’ என்ற முடிவை அப்படியே ஏற்க இயலாது.

பரம்பரைப் பெருமைக் கதைகளுக்கும் கொஞ்சம் இடைவெளி கொடுக்க வேண்டும். மூவேந்தர் படையில் தளபதியாக இருந்தோம் என்று சொல்லாத குடும்பம் அரிது. படைவீரராக இருந்ததாக யாருமே சொல்வதில்லை. இவற்றில் பல, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கணக்கெடுப்பில் தம் சாதியின் தகுதியை உயர்த்திக் காட்டுவதற்காக அச்சடிக்கப்பட்ட சாதி வரலாற்று நூல்களிலிருந்து வீட்டுக் கதைக்குள் நுழைந்தவை. கதையைக் கதை என்று குறித்து, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்றும் எழுதிவைக்கலாம். ஒரு பெயர் எந்தப் பத்திரத்தின் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அன்றன்றே எழுதாதவர், முரண்பட்ட இன்னொரு தாள் கையில் வரும்போது எதை நம்புவதென்று தெரியாமல் விழிப்பார். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் பொதுவெளி மரத்தில் ஏற்ற வேண்டாம். தத்து, இரண்டாம் தாரம் போன்ற செய்திகளை உரியவர்களின் ஒப்புதல் கிடைக்கும்வரை வீட்டுப் பிரதியில் மட்டும் வைத்திருங்கள்.